ஷார்ட் சேலா, சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவதா?

லியாண்டர்வாசி, 11 பிப்ரவரி 2024

2022 ஜூனில் ஆஸ்டின் பக்கம் லியாண்டரில் 5.60 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். கைக்காசு 5 சதவீதம், மீதி 5.32 லட்சம் லோன். போன நவம்பரில் வேலை போய்விட்டது. இப்போது டாலஸில் ஒரு கான்ட்ராக்ட், சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். டிசம்பர் தவணையிலிருந்து கட்டவில்லை. பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு போன மாதம் 4.45 லட்சத்துக்குப் போயிருக்கிறது. ஷார்ட் சேல், அதாவது பேங்க் சம்மதத்தோடு கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்பது, செய்யலாமா என்று யோசிக்கிறோம். நண்பன் சொல்கிறான்: "ஷார்ட் சேல் எல்லாம் வீண் அலைச்சல். சாவியைக் கவரில் போட்டு பேங்குக்கு அனுப்பிவிட்டு வாடகைக்குப் போ. அவர்களே ஏலம் விட்டுக்கொள்ளட்டும். கிரெடிட் ஸ்கோர் எப்படியும் போகத்தான் போகிறது." அவன் சொல்வது சரிதானா?

டிரேசிக்காரி, 11 பிப்ரவரி 2024, இரவு

சாவியை அனுப்பாதீர்கள். அனுப்பினால் வீடு உங்கள் பெயரை விட்டுப் போகாது. பத்திரம் உங்கள் பெயரில், லோன் உங்கள் பெயரில், சொத்து வரி, அசோசியேஷன் பணம் எல்லாம் உங்கள் பெயரில். நீங்கள் மட்டும் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

கிரெடிட் போவது உண்மை. ஆனால் இரண்டிலும் ஒரே அளவு போவதில்லை. பேங்குகளிடமிருந்து வீட்டு லோன்களை வாங்கும் ஃபேன்னி மே நிறுவனத்தின் கணக்கில் ஷார்ட் சேல் முடிந்து 4 வருடத்தில் மறுபடி வீட்டு லோன் கேட்கலாம். ஏலம் போனால் 7 வருடம். அரசு காப்பீடு உள்ள எஃப்.ஹெச்.ஏ. லோன் என்றால் இரண்டுக்கும் 3 வருடம். உங்களுக்கு என்ன வயது என்று தெரியாது. எங்களுக்கு அந்த 3 வருட வித்தியாசம் மகன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பான் என்பதையே தீர்மானித்தது.

விற்று முடித்தபின் மீதிக் கடனுக்கு பேங்க் உங்களைத் துரத்த முடியாது. அதுதான் பெரிய நிம்மதி. நாளை விவரமாக எழுதுகிறேன்.

டிரேசிக்காரி, 12 பிப்ரவரி 2024

எங்கள் கதையைச் சொன்னால்தான் நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்று புரியும்.

2006 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் மவுண்டன் ஹவுஸ் என்ற புது ஊரில் வீடு வாங்கினோம். ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டி இறங்கினால் வரும். விலை 6.20 லட்சம். 80 சதவீதம் முதல் லோன், 15 சதவீதம் இரண்டாவது லோன், 5 சதவீதம் எங்கள் பணம். முதல் 5 வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். 2008 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் எங்கள் ஊரைப் பற்றி எழுதியது: நாட்டிலேயே கடனில் அதிகம் மூழ்கிய ஊர், ஏறக்குறைய 90 சதவீத வீட்டுக்காரர்களுக்கு வீட்டு விலையைவிடக் கடன் பெரிது என்று. அந்தப் பேப்பரை என் கணவர் மடித்து அலமாரியில் வைத்தார். நமக்கு மட்டும் இல்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல். 2009 ஜனவரியில் அவருக்கு வேலை போனது.

நாங்கள் முதலில் ஷார்ட் சேலுக்குப் போகவில்லை. லோனை மாற்றி அமைக்கக் கேட்டோம். மூன்று மாதச் சோதனைத் தவணை என்றார்கள், அது ஒன்பது மாதம் ஓடியது. ஒன்பது மாதமும் குறைந்த தவணையை ஒரு நாள் தவறாமல் கட்டினோம். கடைசியில் தகுதி இல்லை என்று ஒரு பக்கக் கடிதம். அதோடு, குறைத்துக் கட்டிய தொகை முழுவதும் பாக்கி என்று கணக்கு. 2010 பிப்ரவரியில் டிஃபால்ட் நோட்டீஸ், அதாவது தவணை தவறியதற்கான நோட்டீஸ், பதிவானது. கலிஃபோர்னியாவில் அதிலிருந்து மூன்று மாதம், அப்புறம் ஏல நோட்டீஸ், அதன்பின் குறைந்தது 20 நாள், பிறகு ஸ்டாக்டனில் நீதிமன்ற வாசலில் ஏலம்.

ஜூனில் ஒரு காலை, ஏல நோட்டீஸைக் கராஜ் கதவில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாமியார் கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பால் வாங்கப் போன நான் திரும்பி வரும்போது அந்தத் தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "இது ஜப்தி நோட்டீஸாம்மா?" என்று கேட்டார். ஊரில் பேங்க் நகை ஏல விளம்பரத்தைப் பேப்பரில் வரிவரியாகப் பார்த்து வளர்ந்தவர். தாளின் அமைப்பே அவருக்குச் சொல்லிவிட்டது. அதுவரை அவரிடம் நாங்கள் வேலை போனதைக்கூடச் சொல்லவில்லை. தினமும் காலை 7 மணிக்கு என் கணவர் டிபன் பாக்ஸோடு கிளம்பி டிரேசி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அன்றைக்கு மாமியார் வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் என் கணவருக்கு டிபன் கட்டாமல், வீட்டிலேயே தட்டில் இட்லி வைத்தார்.

ஷார்ட் சேல் என்றால் என்ன என்று மகனுக்கு அப்போது ஐந்து வயதில் விளக்கினோம். "நம்ம ஷார்ட்ஸை எல்லாம் விக்கப் போறோமா?" என்று கேட்டுவிட்டு, தனக்குப் பிடித்த நீல ஷார்ட்ஸை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தான். அந்த வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு 3.05 லட்சத்துக்குப் போனது. கடன் 5.89 லட்சம். முதல் லோன்காரர் சம்மதித்தாலும் இரண்டாவது லோன்காரர் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. அவருக்குப் பத்திரத்தின் மேல் உரிமை இருக்கிறது, விற்ற பணத்தில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் ஏன் போட வேண்டும்? அதற்காகவே அந்த வருடம் ஏப்ரலில் ஹாஃபா என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் வந்தது. இரண்டாவது லோன்காரருக்கு 6,000 டாலர் வரை, வீட்டைக் காலி செய்பவருக்கு 3,000 டாலர், இரு லோன்காரர்களும் மீதியைக் கேட்கக் கூடாது. நாங்கள் அதில் தப்பித்தோம். 2016 கடைசியோடு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. உங்களுக்கு ஒரே லோன் என்பது நல்லது.

டிரேசிக்காரி, 14 பிப்ரவரி 2024

முதல் குறிப்பில் நான் எழுதியது தவறு. "மீதிக் கடனுக்கு பேங்க் துரத்த முடியாது" என்றேன். அது கலிஃபோர்னியா. அங்கே 2011 ஜூலையிலிருந்து சட்டமே அப்படி: ஷார்ட் சேலுக்குச் சம்மதித்த முதல் லோன்காரரும் சரி, இரண்டாவது லோன்காரரும் சரி, மீதியைக் கேட்கக் கூடாது. நீங்கள் இருப்பது டெக்சாஸ். அங்கே ஏலம் விட்ட பிறகும் மீதிக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனால் வீட்டின் நியாயமான சந்தை விலையைக் கழித்துக் கணக்கிடும்படி நீதிமன்றத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடன் ஏலத்தோடு தானாக அழிவதில்லை. உங்கள் நண்பரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஷார்ட் சேலிலும் அப்படித்தான். பேங்க் "லீனை விடுவிக்கிறோம்" (லீன் என்றால் பத்திரத்தின் மேல் அவர்களுக்குள்ள உரிமை) என்று மட்டும் எழுதினால் வீடு கைமாறும், கடன் உங்கள் தலைமேல் இருக்கும். "மீதிக் கடனையும் விட்டுவிடுகிறோம்" என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் உங்கள் கணக்கில் 90 ஆயிரம் டாலருக்கு மேல் நிற்கிறது.

இரண்டு நாள் இதைத் தப்பாக நம்பியிருப்பீர்களே என்று மனசு கேட்கவில்லை.

டிரேசிக்காரி, 15 பிப்ரவரி 2024

டெக்சாஸ் வேகமான மாநிலம். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை கவுன்ட்டியில் ஏலம். அதற்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ், அதற்கும் முன்னால் பாக்கியைக் கட்டி மீட்க 20 நாள் அவகாசக் கடிதம். மத்திய அரசு விதிப்படி 120 நாள் பாக்கி ஆவதற்குள் ஏல நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. டிசம்பர் 1 தவணைதான் முதலில் தவறியது என்றால் மார்ச் கடைசி வரை உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. மே 7க்கு முன் ஏலம் வர வழியில்லை. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு முன்னால் ஷார்ட் சேல் போன்ற மாற்று வழி கேட்கும் முழு விண்ணப்பம் பேங்க் கையில் இருந்தால், அதைப் பார்த்து முடிவு சொல்லும்வரை ஏலம் விடக் கூடாது. "முழு" என்ற சொல்லில்தான் எல்லாச் சண்டையும்.

நான் அனுப்பியது 43 பக்கம். மூன்று தடவை அனுப்பினேன். முதல் தடவை போய்ச் சேரவில்லை என்றார்கள். இரண்டாவது தடவை பேங்க் ஸ்டேட்மென்டில் நான்காவது பக்கம் இல்லை என்றார்கள். நான்காவது பக்கத்தில் "இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது" என்று மட்டும் இருக்கும், அதனால் அனுப்பவில்லை. அதையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வலது மூலையில் லோன் எண்ணைக் கையால் எழுதுங்கள். அங்கே தாள்கள் பிரிந்துபோகும்.

ஹார்ட்ஷிப் லெட்டர், அதாவது ஏன் கட்ட முடியவில்லை என்று விளக்கும் கடிதம்: நான் முதலில் நாலு பக்கம் எழுதினேன். மாமனாரின் இருதய ஆபரேஷனில் ஆரம்பித்து, அக்காவுக்கு எழுதும் கடிதம் மாதிரி. எங்கள் ஏஜென்ட் அம்மாள் பேனாவை எடுத்து அரைப் பக்கமாக வெட்டினார். வேலை போன தேதி, அப்போதைய சம்பளம், இப்போதைய வரவு, மாதச் செலவு, இது ஏன் சீக்கிரம் மாறாது. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தேதியையும் தொகையையும் தேடுகிறார். வெட்டும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்டியதுதான் சரி.

டிரேசிக்காரி, 25 பிப்ரவரி 2024

மச்சான் பெயரில் வாங்கிக்கொண்டு அதிலேயே வாடகைக்கு இருக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கூடாது. வாங்குபவர், விற்பவர், இரு தரப்பு ஏஜென்ட்டுகள் எல்லோரும் தங்களுக்குள் உறவோ ரகசிய ஏற்பாடோ இல்லை என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாகப் போட்டால் அது கடன் பிரச்சினையாக இருக்காது, மோசடி வழக்காகிவிடும். விசாவில் இருக்கும் ஒருவர் அதன் பக்கத்திலேயே போகக் கூடாது.

டிரேசிக்காரி, 9 மார்ச் 2024

யாரோ 2,500 டாலர் முன்பணம் கேட்டு "லோன் ஆடிட் செய்து பேங்கை மடக்குகிறேன்" என்றாராம். நான் 2009 கோடையில் இப்படி ஒருவருக்கு 1,800 டாலர் கொடுத்தேன். அலுவலகம் அழகாக இருந்தது, மேஜையில் தேசியக் கொடி இருந்தது. இரண்டு மாதத்தில் ஃபோன் அடித்தால் எடுப்பாரில்லை. அந்த 1,800, என் வளையல் இரண்டை விற்ற பணம். அதே வருடம் அக்டோபரில் கலிஃபோர்னியா இப்படி முன்பணம் வாங்குவதையே தடை செய்தது. எனக்குத்தான் தாமதமாகிவிட்டது. இப்போது மத்திய விதியும் இருக்கிறது: பேங்கிடமிருந்து எழுத்தில் ஒரு முடிவை வாங்கி, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை இப்படிப்பட்ட ஆட்கள் காசு கேட்கக் கூடாது. ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இலவசமாகவே பேசுவார்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். கடிதங்களைப் படிக்க ஒரு டெக்சாஸ் வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பது வேறு விஷயம். அது அவசியம்.

ஷார்ட் சேலில் ஏஜென்ட் கமிஷனும் விற்ற பணத்திலிருந்துதான் போகும். உங்கள் கையிலிருந்து யாரும் எதையும் முன்கூட்டியே வாங்க வேண்டியதில்லை.

டிரேசிக்காரி, 20 ஏப்ரல் 2024

விலை பார்க்க பேங்க் ஆள் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டைப் பளபளப்பாக்க வேண்டாம், பாழாக்கவும் வேண்டாம். அவர் வைக்கும் மதிப்பு அதிகமாக வந்தால் உங்கள் வாங்குபவரின் விலையை பேங்க் ஏற்காது. சுற்றுவட்டத்தில் சமீபத்தில் விற்ற மூன்று வீட்டு விலையை அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். கூரையில், ஏ.சி.யில் பழுது இருந்தால் அதற்கான எஸ்டிமேட்டையும் கொடுங்கள். இதில் தப்பில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் இருபது நிமிடம் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையைப் பூஜை அறையாக்கியிருந்தோம். உள்ளே மரப்படி, முருகன் படம், பித்தளைக் குத்துவிளக்கு, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஷூவோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "குளோசெட்டா?" என்று கேட்டார். என் கணவர் "ஆமாம்" என்றார். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மாமியாருக்கு ஷூதான் பெரிய வருத்தம், அன்று சாயங்காலம் இரண்டு தடவை துடைத்தார். எனக்கு அந்த "ஆமாம்" தான்.

டிரேசிக்காரி, 18 மே 2024

மே 7 தாண்டிவிட்டது, ஏலப் பட்டியலில் உங்கள் வீடு இல்லை என்று படித்ததும் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தேன்.

இத்தனை நாளாக ஒரு கேள்வி உறுத்துகிறது. ஷார்ட் சேல், ஷார்ட் சேல் என்று உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேனோ? கையில் ஒரே ஒரு சாவி இருப்பவள் எல்லாக் கதவுக்கும் அதையே நீட்டுவாள். பழைய சம்பளம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், பாக்கித் தவணைகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டையும் கேளுங்கள். அதே விண்ணப்பத்தில்தான் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நாங்கள் ஒன்பது மாதம் வீணாக்கியது போல முன்பு எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஒன்பது மாதம் மகன் பாலர் வகுப்பை அதே வீட்டிலிருந்து முடித்தான். வீண் என்று சொல்லிவிட முடியவில்லை.

ஆனாலும் உங்கள் எண்களைப் பார்த்தால், டெக்சாஸ் சொத்து வரியையும் சேர்த்து மாதத் தவணை 4,300 டாலருக்கு மேல். இந்தச் சம்பளத்தில் அது நிற்காது. அதனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

டிரேசிக்காரி, 22 ஜூன் 2024

4.38 லட்சத்துக்கு ஆள் கிடைத்ததும், பேங்க் சம்மதக் கடிதம் அனுப்பியதும் சந்தோஷம். ஆனால் நீங்கள் இங்கே தட்டச்சு செய்து போட்ட அந்த மூன்றாவது பத்தியை நான் நாலு தடவை படித்தேன். "பத்திரத்தின் மேலுள்ள உரிமையை விடுவிக்கிறோம், மீதித் தொகை குறித்த எல்லா உரிமைகளையும் வைத்துக்கொள்கிறோம்." பிப்ரவரியில் நான் பயந்த வரி இதுதான். இதில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வழக்கறிஞரை வைத்துத் திருப்பி எழுதுங்கள். மீதிக்கு ஒரு சிறு தொகை கேட்கலாம், அல்லது பிராமிசரி நோட்டு கேட்கலாம். பேரம் பேசலாம். எதற்குச் சம்மதித்தாலும் "இதோடு கடன் முழுவதும் தீர்ந்தது" என்ற வரி வேண்டும்.

கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். அதற்குள் எஸ்க்ரோ, அதாவது பணமும் பத்திரமும் நடுவர் மூலம் கைமாறும் வேலை, முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

டிரேசிக்காரி, 22 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

டெக்சாஸில் எஸ்க்ரோவை, பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனிதான் நடத்தும், எங்கள் ஊர் வழக்கில் எழுதிவிட்டேன். அவர்களிடம் தேதியை இன்றே சொல்லிவையுங்கள்.

லியாண்டர்வாசி, 13 ஜூலை 2024

அக்கா, 6,000 ரொக்கம் கொடுத்தால் மீதி முழுவதையும் விடுவதாகப் புதுக் கடிதம் வந்துவிட்டது. வழக்கறிஞர் படித்துச் சரி என்றார். 26ஆம் தேதி கையெழுத்து. வரி பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள், வீட்டில் அவளுக்கு அதுதான் தூக்கம் கெடுகிறது.

டிரேசிக்காரி, 13 ஜூலை 2024

விட்டுக்கொடுத்த கடனை வருமானமாக எண்ணுவது வழக்கம். அடுத்த ஜனவரியில் பேங்க் 1099-சி என்ற படிவம் அனுப்பும். எங்களுக்கு 2011இல் வந்தது. அந்த ஆறு இலக்க எண்ணைப் பார்த்ததும் கால் துவண்டுவிட்டது. ஆனால் குடியிருந்த வீட்டை வாங்க எடுத்த கடன் என்றால் 2007 டிசம்பரில் வந்த சட்டம் விலக்குத் தருகிறது. நீட்டித்து நீட்டித்து 2025 டிசம்பர் வரை கொடுத்திருக்கிறார்கள், உச்சவரம்பு 7.5 லட்சம். நீங்கள் இந்த வருடமே முடிக்கிறீர்கள், அதற்குள் அடங்கிவிடும். வரிக் கணக்கோடு 982 என்ற படிவத்தை வைக்க வேண்டும். அதை மறந்தால் அவர்களாக விலக்குத் தரமாட்டார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, அந்தக் கவலையும் வேண்டாம். அவரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

டிரேசிக்காரி, 24 ஜூலை 2024

நாளை மறுநாள் கையெழுத்து. கரண்ட்டை அன்றைக்கே வெட்டச் சொல்லாதீர்கள். வாங்குபவர் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்கும்போது ஏ.சி. ஓட வேண்டும், ஜூலை வெயிலில் அது ஓடாவிட்டால் சண்டை வரும். தபால் பெட்டிச் சாவி, கராஜ் ரிமோட் இரண்டும் சமையல் மேடையில் வைத்துவிடுங்கள்.

நாங்கள் ஒரு ரிமோட்டைக் காரிலேயே மறந்துவிட்டோம். 2010 அக்டோபரில் விற்று மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தபாலில் அனுப்பலாம் என்றேன், என் கணவர் நேரில் கொடுக்க வேண்டும் என்றார். வாங்கியவர்கள் ஒரு பஞ்சாபிக் குடும்பம். பாட்டி கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லி ஏலக்காய் டீ கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் மரப்படி அப்படியே இருந்தது. அதன் மேல் குருநானக் படம், முன்னால் ஒரு சின்ன விளக்கு. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. என் கணவர் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, கராஜ் கதவு மழைக்காலத்தில் பாதியில் நின்றுபோகும், இடது பக்கச் சென்சாரைத் துணியால் துடைத்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பாட்டிக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தி அவ்வளவாக வராது.